மேலே பாலம், கீழே மெட்ரோ, நடுவில் நெரிசல்

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே 3.2 கிலோமீட்டர் நீள உயர்மட்டச் சாலைக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவிக்கப்பட்ட மதிப்பு 621 கோடி ரூபாய். அந்தத் தூண்கள் இறங்கும் மண்ணுக்கு அடியில் ஏற்கெனவே மெட்ரோ சுரங்கம் ஓடுகிறது. தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை மெட்ரோ நிலையங்கள் 2018 மே மாதமே திறக்கப்பட்டவை. ஆக ஒரே வழித்தடத்தில் பூமிக்கடியில் ரயில், தரையில் பஸ்ஸும் மற்ற வண்டிகளும், அவற்றின் தலைக்கு மேல் ஒரு பாலம்.

செய்தியைப் படித்தவர்கள் கேட்ட கேள்விகள் மூன்று. மெட்ரோ வந்த பிறகும் மேலே ஏன் நெரிசல் தீரவில்லை? தீரவில்லை என்றால் மெட்ரோ வீண் செலவா? பாலம் வந்தால் தீருமா? மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஆனால் அது பாலத்திலோ சுரங்கத்திலோ இல்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போகும் நடைபாதையில் இருக்கிறது. கேட்டதும் நம்பக் கடினமான இந்தக் கூற்றை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எதை எண்ணுகிறோம்: வண்டிகளையா, ஆட்களையா?

ஒரு சாலை எவ்வளவு 'தாங்கும்' என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் மணிக்கு இத்தனை வண்டிகள் என்பதுதான். சாலையின் வேலை வண்டிகளை நகர்த்துவதல்ல, ஆட்களைக் கொண்டுசேர்ப்பது. 2006இல் வெளியான தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே இதைச் சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி.

ஆட்களை எண்ணினால் படம் மாறுகிறது. சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், பெரும்பாலும் கார்கள் ஓடினால், மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை கடக்கலாம் என்பது நகரத் திட்டமிடுபவர்கள் பயன்படுத்தும் கணக்கு. அதே தடத்தை பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கி, அடுத்தடுத்து பஸ் விட்டால் 4,000 முதல் 8,000 பேர். அதையே நடைபாதையாக்கினால் 9,000 பேர் வரை. சென்னையில் டூவீலர்கள் அதிகம் என்பதால் கலப்புத் தடத்தின் எண்ணிக்கை இதைவிடக் கூடலாம். வரிசை மட்டும் மாறாது.

காரணம் எளிது. காரோ பைக்கோ, ஓடும்போது முன்னும் பின்னும் கேட்கும் இடைவெளிதான் சாலையைத் தின்கிறது. அறுபது பேர் ஏறிய பஸ்ஸும் அந்த இடைவெளியைக் கேட்கும்; ஆனால் அறுபது பேருக்குச் சேர்த்து ஒருமுறை கேட்கும்.

அகலப்படுத்திய சாலை ஏன் மறுபடி நிரம்புகிறது?

புதிய தடமோ பாலமோ வந்ததும் முதல் சில மாதங்கள் வேகம் கூடும். அது உண்மை, திறப்பு விழாவுக்குப் பிறகு வரும் மகிழ்ச்சியான காணொளிகள் பொய்யல்ல. பிறகு நடப்பது படிப்படியானது:

1. நெரிசலுக்குப் பயந்து அதிகாலையிலோ மதியத்திலோ போய்வந்தவர்கள் ஒன்பது மணிக்கே கிளம்புகிறார்கள்.
2. வேறு தெருக்களில் சுற்றிப் போனவர்கள் இந்தச் சாலைக்குத் திரும்புகிறார்கள்.
3. பஸ்ஸிலும் ரயிலிலும் போனவர்களில் சிலர் வண்டியை எடுக்கிறார்கள்.
4. 'இப்போதுதான் சீக்கிரம் போய்விடலாமே' என்று இதுவரை போகாத பயணங்களையும் போகிறார்கள்.
5. சில ஆண்டுகளில் வீடும் அலுவலகமும் அந்தச் சாலையை நம்பி இன்னும் தொலைவில் எழுகின்றன.

முதல் நான்கும் மாதக்கணக்கில் நடந்துவிடும். ஐந்தாவதுதான் மெதுவானது, திரும்பப்பெற முடியாததும் அதுதான். இவை எல்லாம் சேர்ந்ததற்குத் 'தூண்டப்பட்ட தேவை' என்று பெயர். நெரிசல் நேரத்து விரைவுச் சாலை மீண்டும் நிரம்பியே தீரும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1962இலேயே எழுதினார். 2011இல் ட்யுரான்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் தரவுகளை அலசி, சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டியோட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள்.

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடம் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன். அங்குள்ள கேட்டி விரைவுச் சாலை, சுமார் 280 கோடி டாலர் செலவில், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள் வரும் அளவுக்கு 2008இல் விரிவாக்கப்பட்டது. 2011க்கும் 2014க்கும் இடையில் மட்டும் காலைப் பயண நேரம் சுமார் 30 சதவீதமும் மாலைப் பயண நேரம் சுமார் 55 சதவீதமும் கூடின. 26 தடம் போதாத ஊரில் 27ஆவது தடம் எதைச் சாதிக்கும் என்று தெரியவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. தென்கொரியத் தலைநகர் சோலில் சொங்கேசொன் ஓடையை மூடி, அதன்மேல் கட்டப்பட்டிருந்த உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடிய சாலை அது. நகரம் ஸ்தம்பிக்கும் என்றார்கள், ஸ்தம்பிக்கவில்லை. இடிப்போடு நிற்காமல், 2004 ஜூலையில் பஸ் தடங்களை மாற்றியமைத்து, சாலை நடுவே பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டு, பஸ்ஸும் மெட்ரோவும் மாறி ஏறினாலும் தூரத்துக்கு ஒரே கட்டணம் என்று ஆக்கினார்கள். அதை விட்டுவிட்டு ஓடையின் படத்தை மட்டும் காட்டுவது பாதிக் கதை.

எதுவரை நிரம்பும்?

சாலை நிரம்பிக்கொண்டே போகும் என்றால் ஒருநாள் எல்லாம் நின்றுபோக வேண்டுமே? போவதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது எது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம்.

வண்டியில் போனால் 40 நிமிடம், ரயிலில் போனால் 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி லாபம் என்பதால் ஆட்கள் வண்டிக்கு மாறுவார்கள். சாலை மெதுவாகும், 40 என்பது 45, 50 ஆகும். 60ஐ நெருங்கும்போது சிலருக்கு ரயிலே மேல் என்று தோன்றும். மாறுவது நிற்கும். அதாவது, நெரிசல் நேரத்தில் சாலையின் வேகம், அருகிலுள்ள ரயிலின் வாசல் முதல் வாசல் வரையிலான வேகத்தோடு ஏறத்தாழச் சமமாகும்வரை சரிகிறது. இதை 'டவுன்ஸ்–தாம்ஸன் முரண்' என்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள்.

ஒன்று, சாலையை மட்டும் அகலப்படுத்தினால் அந்தச் சமநிலை மாறாது. முன்பைவிட அதிக வண்டிகள் அதே வேகத்தில் ஊரும். ரயிலை விட்டு ஆட்கள் போனதால் ரயில்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் நிலைமை முன்பைவிட மோசமாகவும் ஆகலாம்.

இரண்டு, ரயில் பயணத்தின் மொத்த நேரத்தை 60இலிருந்து 45 ஆக்கினால், சாலையில் போகிறவரின் நேரமும் 45ஐ நோக்கி இறங்கும். ரயிலில் ஒருநாளும் ஏறாத கார்க்காரருக்கும் லாபம்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. மாற்று வழி தனித் தடத்தில் ஓட வேண்டும். கலப்புச் சாலையில் மாட்டிய பஸ் இந்தத் தராசில் எடைக்கல்லாக முடியாது. சாலை மெதுவானால் அதுவும் மெதுவாகும். இரு தட்டும் சேர்ந்து இறங்கும். இந்திய நகரங்கள் பலவற்றில் நடந்தது இதுதான். 1970இல் சென்னையின் பயணங்களில் 40 சதவீதத்துக்குமேல் பஸ்ஸில். டூவீலரின் பங்கு 2 சதவீத அளவு. 2000களின் நடுவில் பஸ்ஸும் டூவீலரும் ஆளுக்குக் கால் பங்கு என்ற நிலைக்கு வந்துவிட்டன.

டூவீலரை வெல்வது ஏன் கடினம்?

கார் இல்லாமல் அன்றாடம் நகராது என்ற நிலையை மேலைநாட்டு விவாதங்கள் 'கார் சார்பு' என்று பேசும். சென்னையில் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே நடுத்தரக் குடும்பத்தின் முதல் வண்டி டூவீலர். மெட்ரோவின் உண்மையான போட்டியாளரும் அதுவே. ஒரு உதாரணக் கணக்கு:

1. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மெட்ரோ பயணம். ரயிலுக்குள் 20 நிமிடம்.
2. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை 12 நிமிடம். சாலையைக் கடக்கக் காத்திருப்பதும் இதில் சேரும்.
3. படியிறங்கி, பையைச் சோதனையில் வைத்து, நடைமேடைக்குப் போக 5 நிமிடம். ரயிலுக்காக 4 நிமிடம்.
4. ஏறி வெளியே வந்து அலுவலகம்வரை 12 நிமிடம்.

மொத்தம் 53 நிமிடம். இதில் ரயில் ஓடிய நேரம் 20 மட்டுமே. மீதி 33 நிமிடம் நடை, படி, காத்திருப்பு. அதே தூரத்தை ஸ்கூட்டர் நெரிசலிலும் 40 நிமிடத்தில் கடந்துவிடும்.

பணத்தையும் பார்க்கலாம். லிட்டர் பெட்ரோல் நூறு ரூபாய், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் பத்து கிலோமீட்டருக்கு 20 ரூபாய். சென்னை மெட்ரோவின் சாதாரணக் கட்டணம் 10 முதல் 50 ரூபாய்வரை. பின்னால் மனைவி அமர்ந்தால் ஸ்கூட்டரின் செலவு கூடாது. மெட்ரோவில் இரண்டு டிக்கெட். நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். வண்டி வாங்கிய பணம், காப்பீடு, பழுது எல்லாம் இதில் சேரவில்லையே என்பது நியாயமான கேள்வி. ஆனால் வண்டி ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. காலையில் கிளம்பும்போது யாரும் தேய்மானக் கணக்குப் போடுவதில்லை.

ரயிலை எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் மிச்சமாவது அந்த 20இலிருந்து இரண்டோ மூன்றோ நிமிடம். மிச்சப்படுத்த இடமிருப்பது மற்ற 33இல். ஒவ்வொரு மெட்ரோ பயணமும் இரண்டு நடைகளுக்கு நடுவே செருகிய ரயில் பயணம். நடை கெட்டால் பல்லாயிரம் கோடியில் கட்டிய ரயிலும் தன் பயனில் பாதியை இழக்கும்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது?

சாலைகளுக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதையில் தடையின்றி நடக்கும் பகுதி குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் கடக்கும் அளவு அது. கடைத் தெருக்களில் இன்னும் கூடுதல். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

தெருவில் இறங்கினால் தெரிவது வேறு. மின்வாரியப் பெட்டி ஒன்று நடுவில் நிற்கும். அடுத்து மின்மாற்றி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காக நடைபாதையைச் சரித்திருப்பார்கள். முழங்கால் வலியுள்ளவர் நூறு மீட்டருக்குள் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். அவர் சாலையிலேயே நடப்பார். பிறகு 'மக்கள் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை' என்று யாராவது எழுதுவார்கள்.

நடைபாதைக் கடைகளைத் துரத்தினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஓரளவுக்குமேல் அது பொருந்தாது. பூக்கடையும் இளநீர்க் கடையும் இருக்கும் தெருவில்தான் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் அச்சமின்றி நடந்துபோகிறார். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் கடைகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது, துரத்தச் சொல்லவில்லை. நடைபாதையை உண்மையில் அடைத்து நிற்பவை பெரும்பாலும் நிறுத்திவைத்த வண்டிகள்.

இதில் வசதி மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். ஏறத்தாழ 75,000 பேர் டூவீலரில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில்தான், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. உடைந்த எலும்புகளைத் தினமும் பார்க்கிறவர் நீதிமன்றம் போனதில் வியப்பில்லை.

சார்பு எப்படி உருவாகிறது: பழைய மகாபலிபுரம் சாலை

மேலே சொன்ன ஐந்தாவது படியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய மகாபலிபுரம் சாலைக்கு, அதாவது இன்றைய ராஜீவ் காந்தி சாலைக்குப் போகலாம். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரிவரை சுமார் 20 கிலோமீட்டர், ஆறு தடச் சாலை 2008இல் திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தன; அவற்றின் ஊழியர்களுக்காக அடுக்குமாடிகள் வந்தன. ரயில் வரவில்லை. பறக்கும் ரயில் திருவான்மியூர், தரமணி, பெருங்குடி என்று தொட்டுவிட்டு 2007இல் வேளச்சேரிக்குத் திரும்பிக்கொண்டது. மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு வரும் மெட்ரோ தடம், 118.9 கிலோமீட்டர் கொண்ட இரண்டாம் கட்டத்தின் பகுதி. சாலை திறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் கட்டுமானமே தொடங்கியது.

இந்த இடைவெளியில் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வாழ்க்கையை வண்டியைச் சுற்றி அமைத்துக்கொண்டார்கள். வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளி, ஏற்கெனவே வாங்கிவிட்ட கார், அடுக்குமாடியில் பணம் கொடுத்து வாங்கிய நிறுத்துமிடம். அவர்களைப் பார்த்து 'ஏன் பஸ்ஸில் போகக் கூடாது' என்று கேட்பது அபத்தம். சார்பு என்பது மனப்பான்மையைவிட முகவரியைப் பொறுத்தது.

வண்டி ஓட்டாதவர்களின் முகவரியும் அதே நகரம்தான். பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, கூலியில் பயணத்துக்குப் போன பங்கு கையில் நின்றது. கட்டணம் போய்விட்டது, பஸ் வரும்வரை நிற்கும் நேரம் போகவில்லை. ஒரு லட்சம் மக்களுக்கு 60 பஸ் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் மேல்நிலை அளவுகோல். 2011 கணக்கெடுப்பிலேயே 87 லட்சம் பேர் இருந்த சென்னைப் பெருநகரப் பரப்புக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம்.

நிறுத்தும் இடம், அதன் விலை

வண்டி நாளின் பெரும்பகுதி நின்றுகொண்டிருக்கும். ஒரு காரை நிறுத்தி, திருப்பி எடுக்கும் வழியையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 சதுர மீட்டர் வேண்டும்; சென்னையில் பலர் குடும்பத்தோடு வசிக்கும் பரப்பு அது. வீட்டுக்கு வாடகை உண்டு. தெருவோரக் காருக்குப் பெரும்பாலும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் எதுவும் தீர்ந்துபோகும் என்ற சந்தைவிதி நிறுத்துமிடத்துக்கும் பொருந்தும்.

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைவளாகம் இதை ஓரளவு மாற்றிப் பார்த்தது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை இணைத்தது. தமிழ்நாடே துணி வாங்க இறங்கும் நிலையத்திலிருந்து நெரிபடாமல் நடந்துபோக ஒரு வழி கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

கட்டணம் என்ற ஆயுதத்தை சிங்கப்பூர் 1975லேயே எடுத்தது. நகர மையத்துக்குள் நுழையக் காசு, 1990 முதல் கார் வாங்கும் உரிமைக்கே ஏலம். லண்டன் 2003 பிப்ரவரியில் நெரிசல் கட்டணம் விதித்தது. சென்னையில் நாளைக்கே இதைச் செய்யலாமா? கூடாது. லண்டன் கட்டணம் தொடங்கிய அன்றே சுமார் 300 கூடுதல் பஸ்களை இறக்கியது. மாற்று வழி தராமல் விதிக்கும் கட்டணம் அபராதமாகிவிடும். அதைக் கட்டப்போவது பெரும்பாலும் டூவீலர்காரர்.

அடுத்த திட்டம் அறிவிக்கப்படும்போது பார்க்க வேண்டியவை

1. மிச்சமாகும் நிமிடங்கள் யாருடையவை? பாலத்தில் பஸ் ஏறினால் அதன் நிறுத்தம் எங்கே? நிறுத்தங்கள் தரையில் இருந்தால் பஸ்ஸும் தரையில்தான் ஓடும்.

2. இணைப்பு திறப்பு நாளிலேயே இருக்குமா? கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பரில் திறந்தபோது, எதிரே ஓடும் புறநகர் ரயில் பாதையில் அதற்கென்று நிலையம் இல்லை. பெட்டியும் குழந்தையுமாக வந்தவர்கள் நடுவில் ஓடும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையோடு போராடினார்கள்.

3. பொறுப்பு யாருடையது? பஸ் ஒரு கழகம், மெட்ரோ ஒரு நிறுவனம், புறநகர் ரயில் தெற்கு ரயில்வே, சிக்னல் காவல்துறை. இவற்றைச் சேர்க்க 2010இல் சட்டமியற்றி உருவாக்கிய ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், பல ஆண்டு உறக்கத்துக்குப் பின் 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் கொடுத்தது. டிக்கெட் ஒன்றாகிவிட்டது. படியிறங்கி, சாலையைக் கடந்து, அடுத்த நிறுத்தத்துக்குப் போவது இன்னும் தனித்தனி.

4. பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது? சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. இந்தியாவில் முன்னோடியான கொள்கை அது. ஆனால் அது மாநகராட்சியின் பணத்தைத்தான் கட்டுப்படுத்தும். தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை பாலத்தைக் கட்டுவது மாநில நெடுஞ்சாலைத் துறை. அதன் 621 கோடிக்கு இந்த 60 சதவீதம் பொருந்தாது.